நடுவதற்கு முன்னே தொடங்கும் சாகுபடி: கிழங்குப் பயிர்களில் விதைநேர்த்தி

நெல் நடவு செய்யும் குடியானவர் ஒரு ஹெக்டேர் வயலுக்கு 60 முதல் 85 கிலோகிராம் வரையிலான விதையைக் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்கிறார். அவர் அறுவடை செய்யும் நெல்லோடு ஒப்பிட்டால் அவ்விதை நூற்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். சேனை பயிரிடுபவரின் நிலை முற்றிலும் வேறு. குழிக்கு ஒரு கிலோகிராம் எடையுள்ள விதைத்துண்டு என்னும் வழக்கமான முறைப்படி, 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 12 டன் கிழங்கு மண்ணுக்குள் சென்றுவிடுகிறது. இட்டது நான்கு மடங்காகத் திரும்பும் எனக் கொண்டாலும், தோண்டியெடுத்த கிழங்கில் காற்பங்கு அடுத்த ஆண்டின் விதைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டியதாகிறது. விதை கையில் இல்லாதவர் அந்தக் காற்பங்கை ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். நட்ட துண்டுகளில் பத்தில் இரண்டு அழுகிப்போனால், அவர் இழப்பது இரண்டு செடிகளின் விளைச்சலை மட்டுமன்று. சந்தையில் விற்றிருக்கக்கூடிய நல்ல கிழங்கையும் சேர்த்தே இழக்கிறார்.

கிழங்குப் பயிர்களுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. நெல்மணி ஒரு புதிய உயிரின் தொடக்கம். மரவள்ளியின் கம்போ, சேனையின் துண்டோ, சர்க்கரைவள்ளியின் கொடியோ அவ்வாறானதன்று. அது சென்ற ஆண்டுப் பயிரின் உடலிலேயே ஒரு பகுதி. அவ்வுடலில் புகுந்திருந்த நச்சுயிரும், ஒட்டிக்கொண்டிருந்த பூச்சியும், படிந்திருந்த பூஞ்சையும் அத்துண்டோடு புதிய நிலத்திற்குக் குடிபெயர்கின்றன. ஆகவே அறுவடைக்கும் நடவுக்கும் இடைப்பட்ட காலத்தில், கொட்டகையின் ஒரு மூலையில் செய்யப்படும் சிறு வேலைகள், பின்னர் இடப்படும் உரத்திற்கும் பாய்ச்சப்படும் நீருக்கும் ஒப்பான மதிப்புடையவையாகின்றன. விதைநேர்த்தி என்றதும் மருந்துக் கரைசலில் முக்கியெடுப்பதையே பலரும் எண்ணுகின்றனர். அது இப்பணியில் ஓர் அங்கமே. தேர்ந்தெடுத்தல், வெட்டுதல், உலரவிடுதல், காத்திருத்தல் ஆகிய நான்கும் அதற்கு முந்தியவை. இந்நான்கிற்கும் காசு செலவில்லை என்பதே அவற்றின் சிறப்பும், அவை புறக்கணிக்கப்படுவதற்கான காரணமும் ஆகும்.

செம்மண் விளைகள்

கேரள மாநிலத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தில், நெய்யாற்றின்கரைப் பட்டணத்திற்குத் தென்மேற்கே, பூவாறுக்குச் சற்று வடக்கில் அமைந்துள்ள ஊர் காஞ்சிரங்குளம். கிழக்கே பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டம் வந்துவிடும். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டபோது எல்லைக்கோடு இவ்விரு பகுதிகளுக்கும் நடுவே விழுந்தது. எனினும் பயிரும் மண்ணும் பேச்சும் கோட்டுக்கு இருபுறமும் ஒன்றாகவே இருந்து வருகின்றன. தோட்ட நிலத்தை இருசாராரும் விளை என்பர். ஒரு செடியை ஒரு மூடு என்பர். மரவள்ளியை மரச்சீனி என்றும், பெருவள்ளியைக் காச்சில் என்றும் வழங்குவர். அலுவலகத் தமிழில் விதைக்கரணை என்று நாம் எழுதுவதை அவர்கள் மரச்சீனிக்குக் கம்பு என்றும், சேனைக்கு விதை என்றும், சர்க்கரைவள்ளிக்குக் கொடி என்றும் பிரித்தே சொல்கின்றனர். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடும் மொழிபெயர்ப்பாளருக்கு இது இடர்ப்பாடாகத் தோன்றலாம். ஆனால் பயிருக்குப் பயிர் நேர்த்தி வேறுபடுவதால், விளையின் வழக்கே தெளிவானது. இக்கட்டுரையும் இயன்றவரை அவ்வழக்கையே பின்பற்றுகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் காணப்படும் ஆழமான செம்மண் கேரளத்தில் வேறிடங்களில் அரிது. இம்மண் இளக்கமானது; நீரை விரைவில் வடித்துவிடும்; ஆகையால் கிழங்கு தடையின்றிப் பருக்கும். அதே வேளையில் இது புளிப்புத் தன்மை மிக்கது, பயிர்ச்சத்து குறைந்தது. கிழங்குகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இம்மாவட்டமே தலைமை இடமாக அமைந்தது பொருத்தமே. வெள்ளாயணியில் வேளாண்மைக் கல்லூரி 1955 ஆம் ஆண்டிலும், ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன.

மரச்சீனி இம்மண்ணுக்கு வந்தேறியே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைக் குடிமக்களிடையே பரப்பினார். 1942 ஆம் ஆண்டில் பர்மா போரில் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூரின் அடுப்புகளை எரியச் செய்ததில் இக்கிழங்கிற்குப் பெரும் பங்குண்டு. மலேயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எம்-4 என்னும் வகை, சுவையின் பொருட்டு இன்றும் விரும்பப்படுகிறது. ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ விசாகம் என்று ஒரு வகைக்குப் பெயரிட்டிருப்பது அம்மன்னரின் நினைவை மரச்சீனியோடு இணைக்கிறது.

சேனை

கும்ப மாதத்தில் நட்டால் குடமளவு, மீன மாதத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்னும் கருத்துள்ள பழமொழி மலையாளத்தில் வழங்குகிறது. கும்பம் நம்முடைய மாசி. இக்கூற்றில் மிகையிருப்பினும் பொருளுண்டு. மாசியில் மண்ணில் வைக்கப்பட்ட விதை கோடை மழையோடு முளைவிட்டு, தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதையும் இலைவிரித்துப் பயன்படுத்திக்கொள்கிறது. பிந்தி நட்ட விதை மழையின் முற்பகுதியை முளைவிடுவதிலேயே கழித்துவிடுகிறது. எனவே மாசியில் நடவேண்டுமானால், விதையைத் தயார் செய்யும் பணி தை மாதத்திலேயே தொடங்கப்பட வேண்டும்.

சேனைக் கிழங்கின் தலைப்பகுதியில், குழிந்த நடுவிடத்தில், ஒரு பெருமுளை அமைந்திருக்கிறது. அதனைச் சூழ்ந்து வளையம் வளையமாகச் சிறுமுளைகள் உறங்குகின்றன. அறுவடையான கிழங்கு உடனே முளைப்பதில்லை; சில வாரங்கள் உறக்கநிலையில் இருந்தே தீரும். பெரிய கிழங்கைத் துண்டாக்கும்போது பூசணிக்காயைக் கீறுவதுபோல நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செங்குத்தாக வெட்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு துண்டுக்கும் நடுமுளையின் ஒரு பகுதியோ, அதனைச் சூழ்ந்த வளையத்தின் ஒரு பகுதியோ கிடைக்கும். குறுக்கே வெட்டினால் அடிப்பாகத் துண்டுகளில் எடை இருக்கும், முளை இராது. அத்தகைய துண்டு மண்ணில் மாதக்கணக்கில் கிடந்தும் தலைகாட்டாமல் போவதைப் பலர் விதையின் குற்றமென்றும், சிலர் நாளின் குற்றமென்றும் கூறுவர், குற்றம் கத்தியினுடையது. அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுள்ள முழுக்கிழங்குகள் கிடைக்குமாயின் அவற்றை வெட்டாமல் நடுவதே நன்று. வெட்டில்லையேல் அழுகலுக்கு வாயில் இல்லை.

வெட்டிய துண்டுகளைச் சாணிப்பாலில் முக்கி, நிழலில் உலரவைத்து நடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். விஞ்ஞானம் இதனை ஒதுக்கிவிடவில்லை, வலுவூட்டியிருக்கிறது. சாணிப்பாலின் படலம் வெட்டுவாயிலிருந்து ஈரம் வீணாவதைக் குறைக்கிறது. நிழலில் இருக்கும் நாள்களில் வெட்டுவாயின் மேற்பரப்பில் தக்கைபோன்ற ஒரு தோல் படர்கிறது. அத்தோல் படரும் முன்னரே ஈரமண்ணில் புதைக்கப்பட்ட துண்டு, மண்ணிலுள்ள கிருமிகளுக்குத் திறந்த புண்ணாகவே அமையும். கடும் வெயிலில் உலர்த்துவதும் தவறே. அது தோலை வளர்ப்பதற்கு மாறாகச் சதையைச் சுருக்கிவிடுகிறது. இச்சாணிப்பாலில் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை, ஒரு கிலோகிராம் விதைக்கு 5 கிராம் வீதம் கலந்துகொள்ளுமாறு ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கின்றனர்.

இப்பூஞ்சை எதற்காக என்பதை விளக்கினாலன்றி விவசாயி அதனைப் பத்தோடு பதினொன்றாகவே கொள்வார். சேனையின் பெரும்பகை அடித்தண்டழுகல் நோய். ஸ்கிளீரோசியம் ரால்ப்சி என்னும் மண்வாழ் பூஞ்சை, தண்டும் மண்ணும் சந்திக்குமிடத்தில் தாக்கி, செழித்து நிற்கும் செடியைச் சாய்த்துவிடுகிறது. தாக்கிய இடத்தில் வெண்ணூல்போன்ற படர்ச்சியும், அதன்மேல் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் காணப்படும். அவ்வுருண்டைகளே இப்பூஞ்சை மண்ணில் நெடுநாள் காத்திருப்பதற்கான உருவம். செடி சாய்ந்தபின் மருந்து ஊற்றுவது பெரும்பாலும் பயன்தருவதில்லை. டிரைக்கோடெர்மாவோ இப்பூஞ்சையோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட்டு, அதன் இழைகளைச் சுற்றிப் படர்ந்து அழிக்கவும் வல்லது. பகைவனுக்கு முன்னரே இது விதையின்மேல் குடியேறியிருத்தல் வேண்டும். அதனாலேயே நடவுக்கு முன் செய்யும் நேர்த்தி இங்கு இன்றியமையாததாகிறது.

குழிக்கு இடும் எருவிலும் இதனை வளர்த்துக்கொள்ளலாம். ஒன்பது பங்கு உலர்ந்த சாணத்தூளுக்கு ஒரு பங்கு வேப்பம்பிண்ணாக்கு என்ற விகிதத்தில் 100 கிலோகிராம் கலவை எடுத்து, புட்டுமாவின் பதத்திற்கு ஈரமாக்கி, ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, நிழலில் மூடிவைக்க வேண்டும். ஐந்தாறு நாளில் பூஞ்சை படர்ந்தவுடன் கிளறிவிட்டு மீண்டும் மூன்று நாள் வைத்தால் எரு தயாராகிவிடும். பூஞ்சைக்கொல்லி மருந்தையும் இவ்வுயிர்ப் பூஞ்சையையும் ஒரே தொட்டியில் கலப்பவர்கள் உண்டு. இரண்டிற்கும் காசு கொடுத்து ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கொல்வது அது. எதைச் செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சேமிப்பில் இருக்கும் சேனையை மாவுப்பூச்சிகள் தாக்குவதுண்டு. முளையைச் சுற்றி வெண்மாவு பூசியதுபோலக் காணப்படும் இப்பூச்சிகள் சாற்றை உறிஞ்ச, கிழங்கு சுருங்கி முளைப்பாற்றலை இழக்கிறது. குவியலாகக் கொட்டிவைத்த கிழங்கில் இது கண்ணுக்குப் படாமல் பெருகும். காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, வாரம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பவர், தொடக்கத்திலேயே தேங்காய் நாரினால் தேய்த்து அப்புறப்படுத்திவிடலாம்.

60 சென்டிமீட்டர் நீள அகலமும் 45 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில், மேல்மண்ணோடு 2 முதல் 2½ கிலோகிராம் தொழுஉரமும் சாம்பலும் கலந்து நிரப்பி, முளை மேல்நோக்கியிருக்குமாறு விதையை வைத்து, காய்ந்த இலைதழைகளால் மூடுவது நடவின் முறை. மாசி, பங்குனி வெயிலில் இம்மூடாக்கே விதைக்குக் குடை.

இனி, இலாபக் கணக்கிற்கு வருவோம். பத்து சென்ட் விளையில் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 500 குழிகள் அமையும். ஒரு கிலோ விதையென்றால் 500 கிலோகிராம் தேவை. ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துள்ள சிறுதுண்டு முறையில் ஒவ்வொரு துண்டும் 100 கிராம் எடையே. இடைவெளி 60 க்கு 45 சென்டிமீட்டர். அதே பத்து சென்டில் 1,500 துண்டுகள் நடலாம். விதையின் எடையோ 150 கிலோகிராம். எஞ்சிய 350 கிலோகிராம் விற்பனைக்கு மிஞ்சுகிறது. வழக்கமான முறையில் இட்டது நான்கு மடங்காகவும், சிறுதுண்டு முறையில் பதினைந்து மடங்கு வரையிலும் பெருகும் என்பது அந்நிலையத்தின் மதிப்பீடு. இம்முறையில் கிடைப்பவை சந்தையில் விலைபோகும் பெருங்கிழங்குகள் அல்ல. அடுத்த ஆண்டு வெட்டாமல் முழுதாக நடத்தக்க விதைக்கிழங்குகள். ஆதலின் இதனை விதை பெருக்கும் முறையென்றே விவசாயிக்கு எடுத்துரைக்க வேண்டும். மேலும் 100 கிராம் துண்டில் சேமித்த உணவும் ஈரமும் சொற்பம். நீர்வசதியற்ற மேட்டு விளையில், மழை பிந்திய மாசியில், இதனை நட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது துணிவாகாது. அத்தகைய இடத்தில் நிழலான நாற்றங்காலில் முளைக்கவைத்து, மழை தொடங்கியபின் பெயர்த்து நடுவதே தக்கது.

மரச்சீனி

சேனை விதை விலையுயர்ந்தது என்பதால் அதனைப் பேணுகின்றனர். மரச்சீனிக் கம்போ ஏறக்குறைய இலவசம். பத்து சென்டுக்கு வேண்டிய 500 கம்புத் துண்டுகளை ஐம்பது தண்டுகளிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அண்டை வீட்டு விளையில் கேட்டால் கட்டிக் கொடுத்துவிடுவர். இவ்விலவசமே கேட்டுக்குக் காரணமாகிறது.

மரச்சீனியின் இலைகள் மஞ்சளும் பச்சையுமாய்ப் புள்ளிபட்டு, சுருங்கி, ஒருபுறம் கோணி நிற்பது தேமல் நோய். இது நச்சுயிரால் வருவது. வெள்ளை ஈயினால் பரவுமெனினும், பெரும்பகுதி பரவுவது நோயுற்ற கம்புகளாலேயே. பாதி வளர்ந்தபின் ஈயினால் நோய் பெற்ற செடி ஓரளவேனும் கிழங்கிடும்; நோய்க்கம்பிலிருந்தே முளைத்த செடி பிறவி நோயாளி. இங்கு ஒன்றைத் திட்டமாகக் கூறிவிட வேண்டும். எந்த மருந்திலும், எந்தச் சாணிப்பாலிலும், எந்த உயிர்ப் பூஞ்சையிலும் எத்தனை நாழிகை முக்கினாலும் கம்பினுள் இருக்கும் நச்சுயிர் அகலாது. ஆகவே மரச்சீனியைப் பொறுத்தவரை தேர்வே முதல் நேர்த்தி.

அத்தேர்வை எப்போது செய்வது? அறுவடை நாளில் என்றே அனைவரும் கருதுகின்றனர். அந்நாளில் செடியின் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். எஞ்சியவற்றிலும் கோடை வெப்பத்தால் தேமல் மங்கியிருக்கும். வெறுந்தண்டைப் பார்த்து நோயை அறிய எவராலும் இயலாது. செடிகள் மழையில் தழைத்து, இளந்தளிர்கள் விரியும் ஆவணி முதல் ஐப்பசி வரையிலான மாதங்களில் விளையை இரண்டு மூன்று முறை சுற்றிவந்து, தேமலற்ற மூடுகளில் ஒரு துணிக்கீற்றைக் கட்டிவைக்க வேண்டும். இடையில் நோய் கண்ட மூட்டிலிருந்து துணியை அவிழ்த்துவிட வேண்டும். மாசியில் துணி எஞ்சியுள்ள மூடுகளின் தண்டு மட்டுமே விதைக்கு உரியது. களப்பணியாளர் ஒருவர் ஆண்டில் ஒரேயொரு செய்தியைத்தான் கொண்டுசெல்ல முடியுமென்றால், துணிக்கீற்றையே கொண்டுசெல்லலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

தேர்ந்த தண்டுகளை வெட்டாமல் முழுதாகவே, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் செங்குத்தாக நிறுத்திவைக்க வேண்டும். அறுவடையான உடனே நடுவதைக் காட்டிலும் பதினைந்து நாள் கழித்து நடுவது நன்கு வேர்பிடிக்கும் என்பது பரிந்துரை. நெடுநாள் வைத்தால் தண்டு உலர்ந்து முளைப்பு குன்றும். நடும் நாளில், அடியில் முற்றிய 10 சென்டிமீட்டரையும் நுனியில் இளைய 30 சென்டிமீட்டரையும் கழித்துவிட்டு, இடைப்பகுதியை 15 முதல் 20 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். அடிவெட்டு வட்டமாகவும் பிசிறின்றியும் அமைதல் வேண்டும். அவ்வாறாயின் வெட்டுவாயைச் சுற்றிலும் சீராக வேர்கள் இறங்கி, கிழங்குகள் நாற்புறமும் பரவும். மழுங்கிய கத்தியால் சாய்வாகக் கொத்திய கம்பில் வேர்கள் ஒருபுறமாகவே கூடுகின்றன. கணுக்கள் மேல்நோக்கியிருக்க, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நேராக நடுவது வழக்கம். முளைக்காத இடங்களில் பதினைந்து நாளுக்குள் இருமடங்கு நீளமுள்ள, அதாவது 40 சென்டிமீட்டர் கம்பை நட்டால், பிந்தியதும் முந்தியவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

நோயற்ற கம்பு அருகிப்போன ஊர்களுக்கு நாற்றங்கால் முறை உண்டு. கம்புகளை மிக நெருக்கமாக, 4 சென்டிமீட்டர் இடைவெளியில், நாற்றங்காலில் ஊன்றி 20 முதல் 25 நாள் வளர்த்து, தேமல் காட்டும் நாற்றுகளை அன்றாடம் பிடுங்கியெறிந்துவிட்டு, நலமானவற்றை மட்டும் விளைக்குப் பெயர்ப்பது. சிறு இடத்தில் நூற்றுக்கணக்கான நாற்றுகள் கண்பார்வையில் இருப்பதால் ஆய்வு எளிதாகிறது. இரண்டு கணுக்கள் மட்டுமே உள்ள சிறுகம்புகளைக் கொண்டு இம்முறையை நடத்தினால், ஒன்றுக்குப் பத்தாக இருந்த பெருக்கம் ஒன்றுக்கு அறுபது வரை உயருவதாக ஆராய்ச்சி நிலையம் கண்டிருக்கிறது.

கம்போடு நோய் பயணம் செய்வது எத்துணைப் பெரிய செய்தி என்பதற்குத் தென்கிழக்காசியா சான்று. ஸ்ரீலங்கா மரவள்ளித் தேமல் நச்சுயிர் என்று பெயர்பெற்ற ஒருவகை, 2015 ஆம் ஆண்டில் கம்போடியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. 2017 இல் வியட்நாமிலும், 2018 இல் தாய்லாந்திலும் அது புகுந்தது. எல்லைகளைத் தாண்டி வண்டிகளில் சென்ற விதைக்கம்புகள் இப்பரவலை விரைவுபடுத்தின. பூச்சிக்கும் இதே கதை. மரவள்ளி மாவுப்பூச்சி 1970 களில் ஆப்பிரிக்காவையும், 2008 இல் தாய்லாந்தையும் அலைக்கழித்து, 2020 ஆம் ஆண்டில் திருச்சூரில் தென்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களையும் பற்றியது. இதனை ஒடுக்க அனாகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விடுவித்தனர். தாய்லாந்தில் இக்குளவியோடு, நடுமுன் கம்புகளைப் பூச்சிமருந்துக் கரைசலில் ஊறவைக்கும் முறையும் பரப்பப்பட்டது. தேமலுக்கு உதவாத முக்குதல் மாவுப்பூச்சிக்கு உதவுகிறது என்னும் வேறுபாட்டை விரிவாக்கப் பணியாளர் தெளிவாக மனத்திற்கொள்ள வேண்டும்.

காச்சில், சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு

காச்சிலை 250 முதல் 300 கிராம் துண்டுகளாக்கி, சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர்த்துவது சேனையை ஒத்ததே. தலைப்பகுதித் துண்டுகள் முந்தியும், இடை, அடிப்பகுதித் துண்டுகள் பிந்தியும் முளைப்பதால், அவற்றைத் தனித்தனி வரிசையாக நட்டால் கொடியேற்றும் வேலை இலகுவாகும். சிறுதுண்டு முறை நைஜீரியாவின் உமுதிகே ஆராய்ச்சி நிலையத்தில் இப்பயிர்க் குடும்பத்திற்கென்றே முதலில் வகுக்கப்பட்டது.

சர்க்கரைவள்ளியில் கொடியின் நுனிப்பகுதியே விதைக்கு ஏற்றது. கூன்வண்டு முற்றிய அடிக்கொடியில் முட்டையிடுவது அதற்கு ஒரு காரணம். 20 முதல் 30 சென்டிமீட்டர் நுனிகளை இலையோடு கட்டாகக் கட்டி இரண்டு நாள் நிழலில் வைத்திருந்து நட்டால் வேர் விரைந்து பிடிக்கும். இரண்டு நாள் வாடவிடுவது பயிரைக் கெடுப்பதாகத் தோன்றினும் உண்மை அவ்வாறன்று.

சிறுகிழங்கின் பகை வேர்முடிச்சு நூற்புழு. இங்கு நேர்த்தி விதைக்கன்று, நிலத்திற்கு. ஸ்ரீ பத்ரா என்னும் சர்க்கரைவள்ளி வகையை முன்பயிராக இட்டால், நூற்புழுக்கள் அதன் வேர்களில் புகுந்து பெருக இயலாமல் மடிகின்றன. பொறிப்பயிர் என்று இதனை அழைக்கலாம். மருந்தின்றி நிலத்தைத் துப்புரவாக்கும் இம்முறையில் ஒரு கிழங்கும் கூடுதலாகக் கிடைக்கிறது.

மருந்திட்ட விதையும் சமையலறையும்

விரிவாக்க அலுவலகங்களின் அலமாரிகளில் இன்னும் பழைய துண்டறிக்கைகள் உள்ளன. சேனை விதையை மானோகுரோட்டோபாஸ் கலந்த கரைசலில் முக்குமாறு அவற்றுள் சில கூறும். கேரள அரசு 2011 ஆம் ஆண்டில் மானோகுரோட்டோபாஸ், போரேட், கார்போபியூரான் முதலிய பல மருந்துகளைத் தடைசெய்தது. கரணை நேர்த்திக்கெனக் கடைகளில் ஒருகாலத்தில் தாராளமாக விற்கப்பட்ட மீதாக்சி எத்தில் மெர்க்குரி குளோரைடு என்னும் பாதரசக் கூட்டுப்பொருளையும் மத்திய அரசின் 2018 ஆம் ஆண்டு ஆணை தடைசெய்துள்ளது. ஆதலின் பழைய அறிக்கையை அப்படியே வாசித்துக் காட்டுவது தகாது. அவ்வப்போது நடப்பிலுள்ள பரிந்துரையைக் கிருஷி பவனிலோ, எல்லைக்கு இப்பால் வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டறிந்தே கூற வேண்டும். மரவள்ளி இலையிலிருந்தே பெறப்பட்ட நன்மா, மென்மா, ஸ்ரேயா ஆகிய உயிர்மருந்துகளை ஸ்ரீகாரியம் நிலையத்தார் உருவாக்கியுள்ளனர்.

கிழங்குப் பயிர்களில் மருந்திட்ட விதைக்குத் தனி ஆபத்து ஒன்றுண்டு. விதைநெல்லை எவரும் அப்படியே உண்பதில்லை. மிஞ்சிய சேனைத் துண்டோ நேராகக் குழம்புச் சட்டிக்குப் போகக்கூடியது. 1971 ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டில் நிகழ்ந்ததை இங்கு நினைவூட்டுதல் பொருந்தும். விதைப்பதற்கென்று வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட கோதுமையும் வாற்கோதுமையும் பாதரச மருந்து பூசப்பட்டிருந்தன. அடையாளத்திற்காகச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தனர். சாக்குகளின்மேல் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும். சிற்றூர் மக்கள் அதனைப் படிக்க அறியாது, சாயம் போகக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று நம்பி, ரொட்டி சுட்டு உண்டனர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அங்கு இறந்தவர்களாகப் பதிவானோர் 459 பேர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் இந்நிகழ்ச்சியை மறக்கவியலாது. ஒரு மாநிலத்தில் வாங்கிய புட்டியை மறுமாநிலத்தில் திறக்கும் எல்லைப்புறச் சிற்றூர்களில், அதனோடு வரும் தாளை இரு மொழியிலும் உரக்க வாசித்துக் காட்டுவது ஆசிரியர்களால் மட்டுமே இயலும் பணி. மிஞ்சிய மருந்துவிதையை மனிதர்க்கும் கால்நடைக்கும் எட்டாதபடி ஆழப் புதைக்க வேண்டும். முக்கிய பாத்திரம் வீட்டிற்குள் திரும்பக் கூடாது.

பள்ளித் தோட்டத்தில்

இம்முறைகளை நேரில் காட்டுவதற்கு ஒரு சென்ட் நிலம் போதும். மாசியில் ஒரே எடையுள்ள சேனைத் துண்டுகள் நாற்பது எடுத்து, இருபதைச் சாணிப்பாலிலும் டிரைக்கோடெர்மாவிலும் நேர்த்தி செய்து நிழலில் உலர்த்தியும், இருபதை வெட்டிய கையோடும், ஒன்றுவிட்டு ஒன்றாக நட வேண்டும். தனித்தனிப் பாத்தியாக நட்டால் மண்ணின் வேறுபாடு நேர்த்தியின் வேறுபாடாகத் தோன்றிவிடும் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வதும் ஒரு பாடமே. முளைத்த நாள், சாய்ந்த செடிகளின் எண்ணிக்கை, தோண்டிய நாளின் எடை ஆகிய மூன்றை மட்டும் ஏட்டில் குறித்தால் போதுமானது. விதையின் எடையை விளைச்சலிலிருந்து கழித்த பின்னரே இலாபத்தைக் கணக்கிட வேண்டும். கிழங்குப் பயிரில் இக்கழித்தலைச் செய்யாத கணக்கு கணக்காகாது.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆவணியில் இன்னொரு வேலை கொடுக்கலாம். பழைய துணிக்கீற்றுகளை எடுத்துக்கொண்டு பெற்றோரின் மரச்சீனி விளைக்குச் சென்று, தேமலற்ற மூடுகளை எண்ணிக் கட்டிவரச் செய்வதே அது. பத்து சென்ட் விளைக்கு ஐம்பது மூடுகள் துணியோடு நிற்குமானால், அடுத்த ஆண்டுக்கு அவ்வீட்டார் கம்பு தேடி வேறிடம் போக வேண்டியதில்லை. ஐம்பதுக்குக் குறைந்தால், நாற்றங்காலுக்கு இடம் பார்க்கும் வேலையைக் கார்த்திகையிலேயே தொடங்கிவிடலாம்.